அடகு வைக்க முடியாத பரிசு

எங்கள் பக்கம் புருஷனுக்குப் பெண்டாட்டி பரிசு கொடுக்கிற வழக்கமெல்லாம் பெரிதாகக் கிடையாது. கல்யாணத்தில் பெண் வீட்டார் மோதிரம் போடுவார்கள், தலை தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுப்பார்கள், அதோடு சரி. அப்புறம் அவருக்காக நாங்கள் செய்வதெல்லாம் சாமி வழியாகத்தான் போய்ச் சேரும். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காதோலை கருகமணி விட்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வது அவர் ஆயுசுக்காகத்தான். பிழைக்க மாட்டார் என்று கைவிட்ட மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டால், பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி. உயிரோடு இருப்பவரைப் பாடையில் படுக்க வைத்துத் தூக்கிப்போவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மிரண்டுபோவார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, நானும் வேண்டிக்கொண்டவள்தான். ஆனால் நோய் வந்தபின் வேண்டிக்கொள்கிற நாம், வருமுன் பத்து ரூபாய் செலவழிக்க இவ்வளவு யோசிக்கிறோமே என்பதுதான் எனக்கு விளங்காத சங்கதி.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஊர்ப் பெண்களின் நகை எங்கள் பெட்டகத்துக்கு வரும். சம்பா அறுத்துக் கணக்கில் பணம் ஏறினால் திரும்பிப் போகும். சிலது திரும்பாமல் வட்டி கட்டி மாற்றிவைத்தபடியே கிடக்கும். கல்யாண நாளுக்கு ஆசையாக எடுத்துக்கொடுத்த செயின், அடுத்த ஆனியில் யூரியாவாகவும் நடவுக் கூலியாகவும் மாறுவதை நான் நாள்தோறும் பேரேட்டில் எழுதுகிறேன். என் வீட்டுச் செயினும் அந்தப் பேரேட்டில் இருந்திருக்கிறது. அதனால் எங்கள் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது முடிந்தபோது, யாரும் அடகு வைக்க முடியாத ஒன்றைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவர் உடம்புக்குப் போட வேண்டிய தடுப்பூசிகள், ஒரு முழுப் பரிசோதனை, அதற்கான அலைச்சல், தேதிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு.

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. அவருடைய பெரியப்பா மகன், எங்களுக்கு மூத்தவர், கல்லீரல் புற்றுநோயில் போனார். வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவர். "குடிக்காத மனுஷனுக்கு எப்படிங்க ஈரல் கெடும்?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஈரலைத் தாக்கிக் காமாலை தருகிற ஹெபடைட்டிஸ் பி கிருமி ரத்தத்தில் இருந்திருக்கிறது. எத்தனை வருஷமாக என்று சொல்ல முடியாது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். அப்படிப் பச்சைக் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுமாம். வளர்ந்தபின் தொற்றினால் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே விலகிவிடும், நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான் தங்கும். தங்கியது சத்தம் போடாமல் இருந்து, முப்பது நாற்பது வருஷம் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வெளியே வரும்.

டாக்டர் வீட்டில் எல்லாரையும் ரத்தம் பார்க்கச் சொன்னார். அண்ணிக்கு இல்லை. பிள்ளைகளுக்கும் இல்லை. இன்னொரு அண்ணனுக்கு இருந்தது. அவருக்கு இன்றுவரை ஒரு தலைவலிகூடக் கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

இந்தக் கிருமி ரத்தம் வழியாகவும் பரவும், உடலுறவு வழியாகவும் பரவும், ஒரே பிளேடில் சவரம் செய்தாலும் பரவலாம். ஆகவே புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர் ரத்தம் பார்த்து, இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. 'யாரிடமிருந்து வந்தது' என்று கிளறுவது வேலையே இல்லை. எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் தேதி போட்டுச் சொல்லாது. அந்தக் கேள்வியைக் கிளறிக் குடும்பம் இரண்டான கதை எனக்குத் தெரியும்.

குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில்தான். அதற்கு முன்பு பிறந்த நம்மில் பெரும்பாலானவர்களுக்கு யாரும் போட்டிருக்கவில்லை. நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள்காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்குகிற ஊர் இது. அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பாருக் பிளம்பெர்க், சென்னை விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து இதே கீழாநெல்லியைத்தான் ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் நம்பிக்கை தரும் முடிவும் வந்தது. ஆனால் பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தண்ணீர் வழியாக வருகிற காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். பி வகை அப்படி இறங்காமல் தங்கினால், கீழாநெல்லியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. வராமல் தடுக்க ஊசி இருக்கிறது.

சரி, வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். மாட்டுக் கொட்டகையில் இருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போடக் கால்நடைத் துறை ஆட்கள் வரும் நாளில் இவர் வயலுக்குக்கூடப் போகாமல் கயிற்றைப் பிடித்து நிற்பார். காதில் மாட்டிய மஞ்சள் அட்டையில் இருக்கிற பன்னிரண்டு இலக்க எண் இரண்டு மாட்டுக்கும் அவருக்கு மனப்பாடம். அவருக்கென்று போட்ட கடைசி ஊசி, 2018-ல் கஜா புயல் அடித்துச் சாய்த்த தென்னைகளை அப்புறப்படுத்தும்போது தகர ஆணி காலில் ஏறியதற்குப் போட்டது.

"எனக்கென்ன நோயா நொடியா?" என்றார்.

"கோமாரி வந்த மாட்டுக்கா ஊசி போடுறீங்க?"

"மாட்டுக்குக் கவர்மெண்டு சும்மா போடுது."

"உங்களுக்கு நான் சும்மா போடுறேன். பொறந்த நாளுக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், யோசிக்கிறார் என்பது. நான் அவசரப்படுத்தவில்லை. 'சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடு' என்று என் தங்கை யோசனை சொன்னாள். கூடாது. புடவையைச் சொல்லாமல் எடுத்துவரலாம், பிடிக்காவிட்டால் பீரோவில் கிடக்கும். ஊசி அப்படியில்லை. அவர் கை, அவர் உடம்பு, அவர் சம்மதம். என்னென்ன ஊசி, எதற்கு, எவ்வளவு செலவு, என்ன தொந்தரவு வரலாம் என்று சங்கத்துப் பழைய ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காலண்டர் ஆணியில் மாட்டினேன். சில நாள் கழித்துப் பார்த்தால் அதில் ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. அக்கி.

அவருடைய அம்மாவுக்கு வயதான காலத்தில் அக்கி வந்தது. முதுகிலிருந்து விலாவைச் சுற்றி ஒரு பக்கமாகக் கொப்புளம். ஊர் வழக்கப்படி மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவியால் அக்கி எழுதினார்கள். கொப்புளம் ஆறிவிட்டது, எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும். வலி ஆறவில்லை. ரவிக்கை உரசினால்கூடத் துடித்துப்போவார்கள். நரம்புக்குள் நெருப்பு என்பார்கள். சாகும் வரை அது முழுதாக விடவில்லை. அந்த வயதான பெண்மணி ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தவர். அதனால்தான் அந்தக் கோடு.

சின்ன வயதில் சின்னம்மை போட்டவர்கள் எல்லாருக்கும் அந்தக் கிருமி நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வேப்பிலை கட்டித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மாளை வழியனுப்பிவிட்டோம் என்று நினைக்கிறோம், அது போகவில்லை. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது, சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு இன்னும் சுலபமாக, ஒரு நரம்பின் வழியே அக்கியாக எழும்பி வருகிறது. வந்த மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரை ஆரம்பித்தால் கடுமை குறையும். நம் ஊரில் அந்த மூன்று நாள் எழுதுவதிலேயே போய்விடுகிறது. எழுதுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எழுதிவிட்டு நேராக டாக்டரிடம் போகச் சொல்லலாம். இதற்கான புது வகைத் தடுப்பூசி, ஷிங்ரிக்ஸ், 2023-ல்தான் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல், இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய சோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. விலைதான் தலைசுற்றும். நாங்கள் போட்டபோது ஓர் ஊசியே பத்தாயிரத்தைச் சுற்றி. அதற்கு என் சீட்டுப் பணம் போனது. போட்ட அன்று ராத்திரி காய்ச்சலும் கை வலியும் வந்து முனகினார். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. மறுநாள் சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போய்விட்டார்.

மற்றதெல்லாம் இவ்வளவு கதை இல்லை. டிடி, அதாவது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுவது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டாயிற்று, காசு இல்லை. முன்பு டிடி என்று சொன்னது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசியை. 2019-லிருந்து அரசே அதை இரட்டை ஊசியாக மாற்றிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மறக்காமல் போடுகிறோம். சாணியும் சகதியும் மண்வெட்டியுமாகத் தினம் புழங்குகிற ஆண்களுக்கு, காலில் ஏதாவது ஏறினால்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதையாகக் கிடப்பது. பத்து வருஷத்துக்கு ஒன்று போதும். ஃப்ளூ ஊசி ஐப்பசி மழைக்கு முன்னால், ஒவ்வொரு வருஷமும். நிமோனியாவுக்கான ஊசியை டாக்டர் அப்போது எழுதவில்லை, சர்க்கரை என்று உறுதியானால் பார்க்கலாம் என்றார்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு ரத்தம் பார்த்தோம். கிருமியும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஊசியின் கணக்கு பூஜ்யம், ஒன்று, ஆறு: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இவருக்கு மனதில் தேதி நிற்காது, பயிர் நிற்கும். சம்பாவுக்கு நாற்று விட்டபோது முதல் ஊசி. நடவு முடிந்தபோது இரண்டாவது. மூன்றாவது அறுவடையில் வந்து விழுந்தது. நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டியாயிற்று, பனியில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது, எடுக்க மாட்டேன் என்கிறார்கள். காயவைப்பதும் மூடுவதும் ராத்திரிக் காவலுமாக மனிதர் அங்கேயே கிடந்தார். ஊசி தேதி கடந்துபோனது. எனக்கு ஒரே கவலை, முதலிலிருந்து மறுபடி போட வேண்டுமோ என்று. வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தாமதமானால் போட்டது வீணாவதில்லை, ஆனால் மூன்றும் போட்டு முடிக்க வேண்டும். சாக்குத் தைத்து நெல் ஏறிய மறுநாள் நேராக ஊசிக்குத்தான் போனோம். சட்டைப் பையில் அப்போதும் பதர் இருந்தது.

ஊசியை வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் வாங்கி, கைப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். இவையெல்லாம் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. ஹெபடைட்டிஸ் பி ஊசி, டிடி ஊசி இரண்டும் ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்துவிட்டால் கெட்டுப்போகும், உருகியபின் பார்த்தால் மருந்து நல்லதாகவே தெரியும். எங்கே முறையாகக் குளிர்பெட்டியில் வைத்து, கரண்ட் போனாலும் காப்பாற்ற வழி வைத்திருக்கிறார்களோ அங்கேயே போட்டுக்கொள்வது நல்லது. போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். இவர் அந்த அரைமணிக்கும் "மாடு கத்தும்" என்று எழுந்து எழுந்து பார்த்தார்.

பரிசோதனை விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. 'துணைக்கு அன்புப் பரிசு, முழு உடல் பேக்கேஜ்' என்று ஓர் இடத்தில் அட்டை வைத்திருந்தார்கள். அறுபத்து சொச்சம் சோதனை. விட்டமின் பட்டியல், புற்றுநோய்க் குறியீடு என்று சிஏ-125, சிஇஏ எல்லாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு இந்தக் குறியீடுகளைப் பார்த்துப் புற்றுநோயைப் பிடிக்க முடியாது. ஒன்றுமில்லாதபோது ஏறிக் காட்டி, அப்புறம் ஸ்கேன், அப்புறம் தூக்கமின்மை என்று இழுத்துக்கொண்டு போகும். பயத்தை யாராவது அன்புப் பரிசாகக் கொடுப்பார்களா? நாங்கள் பார்த்தது ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கண். மூன்று மாதச் சராசரி 6.1 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. அவருக்கு அது எந்த டாக்டர் பேச்சை விடவும் உறைத்தது. டீக்கடையில் தினமும் குடிக்கிற டீயில் பாதி குறைந்தது. மீதிப் பாதியில் சர்க்கரை போடுகிறாரா இல்லையா என்று நான் போய் எட்டிப் பார்ப்பதில்லை.

இதற்கெல்லாம் நடுவில் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, "உனக்கு யாரு பாக்குறது?" என்றார்.

எனக்கு அதற்குப் பதில் தயாராக இல்லை. எனக்கு நாற்பத்தேழு வயது, கடைசியாக மருத்துவமனையில் படுத்தது மகளைப் பெற்றபோது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றி எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் அட்டை தொங்குவதை வருஷக்கணக்காகப் படித்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. யார் போய்க் காட்டுவது என்கிற கூச்சம்தான். இத்தனைக்கும் இந்தப் பரிசோதனையை அரசு மாநிலம் முழுக்கக் கொண்டுபோகும் முன் முதலில் நடத்திப் பார்த்த இரண்டு மாவட்டங்களில் ஒன்று எங்கள் பக்கத்துத் தஞ்சாவூர், இன்னொன்று தேனி. விஷயம் மிகச் சாதாரணம். நீர்த்த அசிட்டிக் அமிலம், நம் வினிகர்தான், பஞ்சில் நனைத்துத் தடவுகிறார்கள். ஓரிரு நிமிஷத்தில் கெட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். இந்த எளிய சோதனையை வைத்து நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஒருமுறை பார்த்ததிலேயே இந்தப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட்டில் வந்தது. பெரிய இயந்திரம் ஏதும் இல்லை, பயிற்சி பெற்ற நர்ஸ் போதும்.

அவர் வண்டியில் கூட்டிப்போனார். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாசல் பக்கம் நின்றுகொண்டு, ஒருவரையும் பார்க்காமல் தினத்தந்தியை முழுக்கப் படித்தார், வரிவிளம்பரம் உட்பட. உள்ளே ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. நான் போன தைரியத்தில் என் நாத்தனார் போனாள், அவளுக்கு வெள்ளை தெரிந்தது. தஞ்சாவூரில் லென்ஸ் வைத்துப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புற்றுக்கு முந்தைய நிலை என்று சொல்லி அந்த இடத்தைக் குளிர்வைத்து அழித்தார்கள். வயிற்றைத் திறக்கவில்லை, மயக்கம் கொடுக்கவில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்துப் போயிருந்தால் கதை வேறு.

இதற்குக் காரணம் எச்பிவி என்கிற கிருமி. அதை நிரூபித்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் கொடுத்தார்கள். இதுவும் கணவன் மனைவிக்குள் போய் வருகிற கிருமிதான், பல வருஷம் தூங்கும், ஆகவே இதிலும் 'யாரிடமிருந்து' என்ற விசாரணைக்கு இடமில்லை. அதன் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. தடுப்பூசி இருக்கிறது, ஆனால் கிருமி உடம்புக்குள் வரும் முன் போட்டால்தான் முழுப் பலன். என் வயதில் ஊசியைவிடப் பரிசோதனைதான் உபயோகம் என்று டாக்டர் சொன்னார். ஊசி மகளுக்கு. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் என்றால் இரண்டு போதும், இவள் கல்லூரிக்காரி, மூன்று. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் வந்தபின் விலை இறங்கியிருக்கிறது. தமிழக அரசும் 2025-26 பட்ஜெட்டில் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுவதாக அறிவித்தது. "கல்யாணமாகாத பொண்ணுக்கு இந்த ஊசியா?" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா கேட்டார். ஆமாம் பெரியம்மா, அப்போதுதான் போட வேண்டும்.

கணக்கெழுதுகிறவள் என்பதால் வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. மாட்டுக்கு ஒரு பக்கம், அவருக்கு ஒரு பக்கம், மகளுக்கும் எனக்கும் ஒவ்வொரு பக்கம். மறுபடி எப்போது என்பதைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். அவருடைய அண்ணனின் ஸ்கேன் தேதியும் அதில் சேர்ந்துவிட்டது, அவர் மறக்கிற ஆள்.

இந்தத் தீபாவளிக்கு எனக்கு மார்பகப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்று அவராகவே சொன்னார், எங்கே எடுக்கிறார்கள் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறார். எடுக்கலாம், ஆனால் புடவையும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். திருபுவனம் பட்டு. அரக்கு கலர்.